மொதல்லருந்து அண்ணாச்சியும் கழியுத ஆடும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மொதல்லருந்து அண்ணாச்சி அளவுக்குக் காரியங்களை ஆரம்பித்தவர் யாரும் கிடையாது. அதே உறுதியோடு இன்னொன்றும் சொல்வேன். அவர் ஒரு காரியத்தை முடித்து யாரும் பார்த்தது கிடையாது. ஒரே ஒரு தடவை மட்டும் முடித்தார். அப்போது நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதால் இதைச் சொல்லுகிற தகுதி எனக்கு உண்டு.

கொரோனா சமயத்தில் என் கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. நானும் சென்னையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். கொரோனா போன பிறகும் கம்பெனி கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் குக்கர் சத்தமும் அப்பாவின் டிவி சத்தமும் சேர்ந்து என் மீட்டிங்குகளில் கலந்துகொண்டன. ஒருநாள் என் மேனேஜர், உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அந்தச் செய்தி வாசிப்பாளர் யார் என்று கேட்டார். அன்றைக்கே வெளியில் ஒரு மேசை தேடிக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மெத்தைக் கடை. அதன் மாடியில் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டர். டிக்கெட் போடுவது, பிரிண்ட் எடுப்பது, ஆன்லைனில் எதையாவது பதிந்து கொடுப்பது என்று எல்லாம் நடக்கும். ஜன்னலோரம் ஒரு மேசையை எனக்கு வாடகைக்கு விட்டார். வாசல் போர்டில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி அவரைத் தேடி வருகிறவர்களை மெத்தைக் கடைக்காரர் அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அவிழ்த்துச் சரியாகப் போடுவோம். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி, உதறி, கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கொடியிலிருந்து புதிதாக எடுத்துப் போடுவார். ரயில் டிக்கெட் பதியும்போது பயணியின் பெயரில் கடைசி எழுத்து தப்பிவிட்டால் அந்த எழுத்தைத் திருத்த மாட்டார். பக்கத்தை மூடி, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்து, “மொதல்லருந்து வருவோம்” என்பார். விவரம் தெரிந்த வாடிக்கையாளர்கள் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடுதான் மாடிப்படி ஏறுவார்கள்.

புளியங்குடிக் கல்யாணக் கதையை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணாச்சி அங்கே ஒரு முகூர்த்தத்துக்குப் புறப்பட்டவர் பஸ்ஸில் தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் கடையநல்லூர். சரி என்று இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினார். அது வழியில் புளியங்குடியில் நின்றது. கல்யாண மண்டபம் ஜன்னலுக்கு நேர் எதிரே. மேளச் சத்தம் கேட்கிறது. வாசலில் நின்ற மாப்பிள்ளையின் மாமா அண்ணாச்சியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அண்ணாச்சியும் கையை ஆட்டினார். பஸ் கிளம்பிவிட்டது. அண்ணாச்சி நேரே சங்கரன்கோவில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ்ஸைக் கேட்டு விசாரித்து, ஏறி உட்கார்ந்து, தூங்காமல் போய்ச் சேர்ந்தார். அதற்குள் வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் அதில் வேடிக்கை எதையும் காணவில்லை.

“தப்பு எங்கன இருக்குன்னு தெரியாதப்ப நடுவுல எறங்கப்பிடாதுவே. ஆரம்பத்துலயே இருந்துச்சுன்னா என்ன செய்வீரு?”

 நான் மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறவன். என் கம்பெனியில் பலருக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

அண்ணாச்சிக்கு ஒரு அக்கா. வேலம்மாள் என்று பெயர். குருவிகுளம் பக்கம் மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஆடு வளர்க்கிறார். அவர் போனில் பேசினால் அண்ணாச்சி போனைக் காதில் வைக்க மாட்டார். மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியும் கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிறவர்களுக்கு முழு விவரமும் போய்ச் சேர்ந்துவிடும்.

வேலம்மாக்காவின் போனில் ‘தொழுவம்’ என்று ஒரு சாட்பாட் இருந்தது. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்காகச் சில தன்னார்வலர்கள் ஊதியம் வாங்காமல் சேர்ந்து செய்தது. நாம் பேசினாலோ தட்டினாலோ பதில் சொல்லும். ஆட்டுக்கு என்ன நோய், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். வாங்கிய ஆட்டைக் கூட்டி, விற்ற ஆட்டைக் கழித்து, மந்தைக் கணக்கும் வைத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் செய்தவர்கள்தான். அவர்கள் செய்த தப்பு, பாடப்புத்தகத் தமிழிலேயே அதற்குப் பேசப் பழக்கியதுதான்.

ஒருநாள் காலையில் அக்காவின் இரண்டு குட்டிகளுக்கு வயிற்றால் போனது. அக்கா போனை எடுத்து, “ஆட்டுக்குட்டி கழியுது, என்ன செய்யணும்” என்று கேட்டிருக்கிறார். தொழுவம் உடனே, மொத்த ஆடுகளின் எண்ணிக்கையையும் கழிக்க வேண்டிய ஆடுகளின் எண்ணிக்கையையும் தெரிவிக்கவும் என்றது. டாக்டர்கூட முதலில் வயதைக் கேட்கிறார், எடையைக் கேட்கிறார், அதுபோல இது எண்ணிக்கையைக் கேட்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார். மொத்தம் பதினெட்டு, கழியுதது ரெண்டு என்றார். தொழுவம் கொஞ்சம் யோசித்துவிட்டு, மீதம் பதினாறு ஆடுகள், உங்கள் மந்தை வளர வாழ்த்துகள் என்றது.

மருந்து எப்போது சொல்லும் என்று அக்கா மதியம்வரை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அது ஒவ்வொரு தடவையும் இரண்டிரண்டாகக் கழித்துக்கொண்டே போனது. பிறகு போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, குட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். நேரம் கடந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா மாடிப்படி ஏறி வந்தார். அவர் சத்தமில்லாமல் பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, “அது மொதல்ல சொன்ன கணக்கு சரியாத்தாம்ல இருக்கு. பதினாறுதான் நிக்கி” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, ஊருக்கே கம்ப்யூட்டர் பார்க்கிறாயே, இந்த மெஷினுக்கு நாம் பேசுகிற தமிழைச் சொல்லிக்கொடுக்க மாட்டாயா என்று கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். 

அன்று மாலையே தொழுவத்துக்காரர்களுக்குப் புகார் எழுதினார். உடனே பதில் வந்தது. பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, எங்கள் மூலநிரல் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது, நீங்களே திருத்தி அனுப்பலாம், உங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் எல்லாருக்கும் போடுகிற பதில்தான் இது. அண்ணாச்சி அதைக் கல்யாணப் பத்திரிகை வந்ததுபோல எடுத்துக்கொண்டார். அன்புடன் வரவேற்கிறோம் என்று போட்டிருக்கிறார்கள், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றார்.

வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நிரலில் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்றாலும் சும்மா சேர்த்துவிட முடியாது. முதலில் அந்த நிரல் முழுவதையும் நம் கம்ப்யூட்டரில் பிரதி எடுக்க வேண்டும். அது ஓடுவதற்கு வேண்டிய மற்ற மென்பொருட்களை எல்லாம் அவர்கள் சொன்ன வரிசையில், அவர்கள் சொன்ன பதிப்பில், ஒன்றுவிடாமல் இறக்க வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புப் போட, அந்த வீட்டு அடுப்பு, சட்டி, கரண்டி, விறகு அத்தனையையும் நம் வீட்டில் கொண்டுவந்து அடுக்குவதுபோல. என்னைப் போன்றவர்களே இதில் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. நடுவில் ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும். கறுப்புத் திரை நிறையச் சிவப்பு எழுத்துகள் வரும். எந்தச் சாமான் முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் சரிசெய்துவிட்டு மேலே போக வேண்டும்.

அதை மட்டும் சரிசெய்வது என்ற பேச்சே அண்ணாச்சியிடம் கிடையாதே.

முதல் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அவர் லேப்டாப்பை முழுவதுமாக அழித்தார். ஃபார்மட் செய்வது என்று நாம் சொல்வதுதான். விண்டோஸிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். மறுநாள் ஆரம்பித்தார். அதே இடத்தில் அதே சிவப்பு எழுத்துகள். மறுபடி அழித்தார். அந்த லேப்டாப் பிறந்ததும் போனதுமாக இருந்தது. நான் எட்டிப் பார்த்து, பிழைச் செய்தியைப் படித்துச் சொல்லவா என்று கேட்டேன். நடுவில் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டார். சரி, ஆரம்பத்தையாவது காட்டுங்கள் என்றேன். அதுவும் முடியாது. ஆரம்பம் என்பது காலையில் குளித்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து, ஊதுபத்தி ஏற்றி, ஆள் வருவதற்கு முன்னால் அவர் தனியாகச் செய்கிற காரியம். நான் போய்ச் சேரும்போது ஊதுபத்திச் சாம்பலும் சிவப்பு எழுத்தும்தான் மிச்சம் இருக்கும்.

இதில் நான் பட்ட பாடு தனி. அவர் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் புதிதாக இறக்குவார். சென்டருக்கு இருப்பது ஒரே இன்டர்நெட். என் மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். நான் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவர் என்ன கேட்டார், நான் எதற்குத் தலையாட்டினேன் என்பது அடுத்த வாரம் வேலை வந்து சேரும்போதுதான் தெரியும். இறக்கி முடியப்போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். நான் முனகுவேன். அண்ணாச்சி மட்டும், இதுவும் நல்லதுக்குத்தான், மொதல்லருந்து வருவோம் என்பார்.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் தொழுவத்துக்காரர்களின் அரட்டைக் குழுவில் உதவி கேட்கச் சம்மதித்தார். அங்கே புதியவர்களுக்கு வழிகாட்டுகிறவர் ‘டெசர்ட்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் இருந்தார். பாலைவன நரி. ஆள் வெள்ளைக்காரர் என்று அண்ணாச்சி முடிவு செய்துகொண்டார். அதனால் அவருக்கு எழுதும்போது மட்டும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய இங்கிலீஷ் அப்படியே வந்தது. “ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் எர்ரர்” என்று ஆரம்பிப்பார். அந்தப் பக்கமும் சளைத்ததாகத் தெரியவில்லை. “டியர் சார், கைண்ட்லி அட்டாச் த ஃபுல் எர்ரர் அண்ட் டூ த நீட்ஃபுல்” என்று பதில் வரும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, தாழ்மையுடன் வேண்டிக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டினார்கள்.

ஒருவழியாக அண்ணாச்சி பிழைச் செய்தியை முழுதாக அனுப்பினார். டெசர்ட்ஃபாக்ஸ் அதைப் படித்துவிட்டு, உங்கள் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு கீபோர்டைப் பார்த்தார். அந்த ஃபோல்டருக்கு அவர் வைத்திருந்த பெயர் இங்கிலீஷில் இல்லை என்பதும், அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பதும் ஒரே சமயத்தில் அவருக்கு உறைத்தது. நெடுநேரம் யோசித்து இப்படி அடித்தார்: “சார், இட் இஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஃபார் எலிஃபன்ட் காட்.”

 அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு வரி வந்து விழுந்தது.

“என்னது, பிள்ளையார் சுழியாவே?”

அண்ணாச்சி திரையைப் பார்த்தபடியே மெல்ல எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். உட்கார்ந்தார். “நீரு எந்தூருவே?” என்று அடித்தார்.

பாலைவன நரிக்குக் கடையநல்லூர். பெயர் சாகுல். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறார். ஓய்வு நேரத்தில் தொழுவத்துக்கு வேலை செய்கிறார். அவருடைய உம்மா ஊரில் வீட்டுக் கொல்லையில் நாலைந்து ஆடு வைத்திருக்கிறார், அந்த ஈடுபாடு. அடுத்த நிமிஷம் போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு வாரமாக நடத்திய இங்கிலீஷ் பணிவுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். அண்ணாச்சி எந்தக் காரியத்தையும் ‘உ’ போடாமல் தொடங்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு காலையும் குளித்து முழுகி, எல்லாவற்றுக்கும் முன்னால் ‘உ’ என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள்தான் தொழுவத்தை இறக்கியிருக்கிறார். இறக்கிய சாமான்களில் ஒன்றுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. அது ‘உ’வைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடும். அண்ணாச்சி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இன்னும் பயபக்தியோடு மறுபடி ‘உ’ போடுவார். தப்பு ஆரம்பத்திலேயே இருக்கலாம் என்று அவர் சொல்லி வந்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த ஆரம்பத்தைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் மிகக் கவனமாகத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

ஃபோல்டர் பெயரை மாற்றும் என்றார் சாகுல். அண்ணாச்சி முடியாது என்றுவிட்டார். பிள்ளையார் சுழி இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று இவர் கேட்க, மெஷினுக்குப் புரியாதே என்று அவர் சொல்ல, வாதம் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் சாகுல்தான் வழி சொன்னார்.

“இங்கிலீஷ் யூ போடும்வே. பிள்ளையாருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு உமக்கு யாரு சொன்னா?”

அண்ணாச்சி இதற்கு ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் லேப்டாப்பின் மூடியில் சந்தனத்தால் பெரிதாக ஒரு ‘உ’ இருந்தது. உள்ளே ஃபோல்டருக்கு இங்கிலீஷ் யூ. அன்றைக்குச் சிவப்பு எழுத்து வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி நின்றன. பிறகு திரையிலேயே ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. வணக்கம், நான் தொழுவம், உங்கள் கால்நடைக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டது.

சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது. ஆரம்பத்தைத் தாண்டி அவர் வந்ததே இல்லையல்லவா. தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதுபோல அங்குமிங்கும் பார்த்தார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஏதாவது கேளுங்கள் என்றேன். ஆட்டுக்குட்டி கழியுது என்று ஒற்றை விரலால் அடித்தார். மொத்த ஆடுகளின் எண்ணிக்கையைத் தெரிவிக்கவும் என்றது. அண்ணாச்சியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

அடுத்த விடுமுறை நாளில் வேலம்மாக்கா வந்தார். சுழல் நாற்காலியில் உட்காரவைத்தோம். அது சுற்றிக்கொண்டு போய்விடாமலிருக்க அவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் எப்படிப் பேசுவாரோ அந்த வாக்கியங்களை எல்லாம் மாதிரியாகச் சேர்த்துவிட்டால் தொழுவம் அதைக் கற்றுக்கொள்ளும் என்று சாகுல் சொல்லியிருந்தார். அண்ணாச்சி மாஜிஸ்திரேட் மாதிரிக் கேள்வி கேட்டார். ஆட்டுக்கு இருமல் வந்தால் என்ன சொல்லுவாய் என்றார். “செருமுதுன்னு சொல்லுவேன்” என்றார் அக்கா. சளி பிடித்தால் மூக்கொழுகுது. வயிறு வீங்கினால் உப்பிக்கிட்டு நிக்கி. ஆடு சாப்பிடவில்லை என்றால்?

“எரை எடுக்கலம்பேன். சாப்பிடுததுக்கு அது என்ன கல்யாண வீட்டுக்கா வந்திருக்கு?”

வரிசையாகப் போய்க் கழியுதுக்கு வந்தார்கள். அக்கா மேசையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டார். நாற்காலி லேசாக ஜன்னல் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தலையத் தொங்கப்போட்டு நின்னுச்சு. கூப்புட்டா காது மட்டும் ஆடுச்சு.”

அண்ணாச்சி அதையும் அப்படியே அடித்தார். இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த வாக்கியம் தொழுவத்துக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து ஷார்ஜாவுக்கு அனுப்பினார். சாகுலுக்கும் அன்று விடுமுறை, உடனே பார்த்தார். என்னதான் ஊர்க்காரர் ஆனாலும் நிரல் என்று வந்துவிட்டால் சாகுல் வேறு ஆள். அக்கா டீயைக் குடித்து முடிப்பதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரிடத்தில் மேற்கோள் குறி மூடப்படவில்லை, சரிசெய்து அனுப்பவும்.

அண்ணாச்சி மேசை டிராயரைத் திறந்தார். அதிலிருந்து அவர் எடுத்த பென்டிரைவை எனக்கு நன்றாகத் தெரியும். விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவதற்கு வைத்திருப்பது.  பேசாமல் அந்தக் குறியை மட்டும் போடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு குறி தப்பியிருந்தால் வேறு எங்கெல்லாம் தப்பியிருக்குமோ, மொதல்லருந்து வருவதுதான் முறை என்றார். அக்காவுக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியவில்லை. என்னிடம் கேட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கப் போகிறார், நீங்கள் சொன்னதும் சேர்ந்து போய்விடும் என்றேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கீழே பஞ்சு அடைக்கிற சத்தம் நின்றது.

“ஏலே, ஆட்டுக்குக் கால்ல முள்ளு குத்துனா முள்ளப் புடுங்குவியா, ஆட்ட அறுத்துட்டு வேற ஆடு வாங்குவியா?”

அண்ணாச்சி பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை எடுக்கவில்லை.  பிறகு அண்ணாச்சி பென்டிரைவை என் மேசையில், தனக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். வழுக்குகிற தரையில் நடப்பதுபோலத் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு குறியைப் போட்டார். நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் சாகுல் போனில் வந்தார். சேர்த்தாச்சு என்றார். அண்ணாச்சி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்வே. முடிஞ்சிட்டு.”

“முடிஞ்சிட்டுன்னா?”

சாகுல், இனி இதைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் அக்கா பேசுகிற தமிழ் போய்ச்சேரும் என்று விளக்கினார். அண்ணாச்சி சரி சரி என்று கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து மாடிப்படி இறங்கிப் போய், மெத்தைக் கடை வாசலில் ஒரு நாலு நிமிஷம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து மின்விசிறியைப் போட்டார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் நின்றுபோனது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் மேசையின் மறுகோடியிலிருந்து வேலம்மாக்காவின் குரல் கேட்டது. மூன்று குட்டிகளுக்கு மறுபடி அதே தொந்தரவு. போனில் தொழுவத்திடம் கேட்டிருக்கிறார். குட்டிகளைத் தனியாகப் பிரித்துக் கட்டச் சொல்லி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி, சோர்ந்து நின்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னதாம். கொண்டுபோயிருக்கிறார். மூன்றும் பிழைத்துக்கொண்டன. கடைசியில் அக்கா, “ஏலே தம்பி, அது இன்னைக்குக் கணக்கு கேக்கல” என்றார். கீழே பஞ்சுக்காரர்களுக்குக் கேட்டதோ என்னவோ, நானே காதைத் தீட்டித்தான் கேட்டேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அண்ணாச்சி இதனால் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனம். அன்று மதியம் ஒருவருக்கு மதுரைக்கு டிக்கெட் போடும்போது மூன்று முறை கம்ப்யூட்டரை அணைத்தார். சாகுல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவரைப் பார்க்கப் போன அண்ணாச்சி, தெரு தவறிவிட்டது என்று கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து மறுபடி நடந்தாராம். சாகுல் வாசலில் நின்றபடி அவர் வருவதையும் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறார். உம்மா ஆக்கி வைத்த பிரியாணி ஆறிவிட்டது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

என் கம்பெனி கடைசியில் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. இப்போது சென்னையில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். பூனைகூட வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சட்டம். ஆனாலும் சில சாயங்காலங்களில், ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொழுவத்தைத் திறந்து, ஆடு எரை எடுக்கல என்று எழுதுவேன். அதற்கு வருகிற பதில் அன்றைக்கு அக்காவின் வாக்கியங்களோடு அண்ணாச்சியே எழுதிச் சேர்த்தது. குறி ஒன்று தப்பினாலே திருப்பி அனுப்புகிற சாகுல், அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

“பதறாதீங்க. தண்ணி குடிக்கா?”

என்னிடம் ஆடு கிடையாது. குடிக்கிறதா என்று கேட்டவருக்கு, ‘குடிக்கு அண்ணாச்சி’ என்று எழுதி அனுப்புகிறேன்.